சீட்டில்லாத இரண்டு பொட்டலங்கள்: பைத்துல்மால் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் ஜமாஅத்களின் தலைவர்கள், செயலாளர்கள், முதவல்லிகள், பைத்துல்மால் பொறுப்பாளர்கள் அனைவருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நெல்லைப் பக்கத்தைச் சேர்ந்தவள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு ஊரின் வழக்காகச் சுருங்கிவிடும். என் உம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியே எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். நான் பதினொரு வருடமாக ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வட்டியில்லாக் கடனைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான்: கடன் வாங்கிய வீட்டில் பிறந்தேன், கடன் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.

நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடன் தரும் ஊர்ப் பொதுநிதிதான் பைத்துல்மால். எங்கள் தெருப் பைத்துல்மாலை இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். ஹாஜியார் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். கம்மலோ வளையலோ கொண்டுபோய்க் கொடுத்தால் அதைக் கைக்குட்டையில் முடிந்து, பெயர் எழுதிய சீட்டைச் செருகி, தன் வீட்டு இரும்பு அலமாரியில் வைப்பார். பணத்தை எண்ணிக் கொடுப்பார். கடன் விவரமெல்லாம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு சின்ன நோட்டில். ஒரு பைசா அவர் எடுத்ததில்லை. தன் கைப்பணத்தைப் போட்டு எத்தனையோ பேருடைய நகையை மீட்டுக் கொடுத்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும்.

அவர் மௌத்தான பிறகு அலமாரியைத் திறந்தார்கள். நாற்பத்தொரு பொட்டலங்கள் இருந்தன. இரண்டில் சீட்டு இல்லை. நோட்டைப் பார்த்தால் பாதி அவருக்கு மட்டுமே விளங்கும் குறிப்புகள். ‘காதர் வீட்டில் 8’ என்று ஒரு வரி. எட்டாயிரமா, எட்டு கிராமா? எங்கள் தெருவில் காதர் மூன்று பேர். அந்த நோட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட எழுதப்படவில்லை. வைத்த நகையெல்லாம் பெண்களுடையது. எட்டு மாதம் பஞ்சாயத்து நடந்தது. ஒரு சங்கிலிக்கு இரண்டு பேர் உரிமை சொன்னார்கள். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அந்த இரண்டு பேரும் இன்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஹாஜியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போன்ற நல்லவர் கையிலேயே இப்படி ஆகிறது என்றால், நல்லவர் என்பதை மட்டும் நம்பி ஏழைகளின் பணத்தையும் நகையையும் வைத்திருக்க முடியாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று மதரஸாவில் படித்த பிள்ளையைக் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அது பேசவில்லை. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பல் படாதீர்கள் என்று சொல்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்னால்தான் ரிபா, அதாவது வட்டி, தடுக்கப்படுகிறது. வட்டித் தடையை ஒவ்வொரு ரமலானிலும் பயானில் கேட்கிறோம். கடனை எழுதச் சொல்லும் வசனத்தை யாராவது பேசி நான் கேட்டதில்லை.

சரி, இப்போது அந்த நாற்பத்தொரு பொட்டலத்தில் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நகை இருந்தால்தான் நம் பைத்துல்மாலில் கடன். அடகு வைக்க நகை இருக்கிறவள் ஏழைதான், ஆனால் கடைசி ஏழை இல்லை. கடைசி ஏழையிடம் காதில் இருப்பது கவரிங். அவள் உங்களிடம் வந்தால் ஜாமீனுக்கு ஆள் கேட்கிறீர்கள், ஜமாஅத் சந்தா பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், மாப்பிள்ளையைக் கூட்டி வரச் சொல்கிறீர்கள். மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனதால்தான் அவள் கடனுக்கு வந்திருக்கிறாள். வாரக் கடன் கொடுக்கிற நிறுவனத்து ஆள் அவள் வாசலுக்கே வருகிறான். ஆதார் கேட்கிறான், பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்க்கச் சொல்கிறான், அவள் பெயரில் பணம் தருகிறான். வட்டி வாங்குகிறவன் அவளை ஒரு கடனாளி என்ற அளவிலாவது மனுஷியாக மதிக்கிறான். நாம் அவளை ‘காதர் வீட்டில்’ என்று எழுதுகிறோம். இந்த வரியை எழுத எனக்கே வலிக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்தது இதுதான்.

அந்தக் குழுக் கடன் அப்புறம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ஒரு டியூ, வியாழக்கிழமை ஒரு டியூ. ஒருத்தி கட்டவில்லை என்றால் மீதி ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். டியூ கட்டத் தண்டல்காரனிடம் போவாள், தண்டல் கட்ட மீட்டர் வட்டிக்குப் போவாள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டதை இந்த மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே இருக்கிறது. கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. சட்டம் மிரட்டுகிறவன் கையைப் பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கு மூவாயிரம் ரூபாய் எங்கே என்ற கேள்விக்கு அது பதில் தராது. அந்தப் பதிலைத் தரத்தான் பைத்துல்மால் என்று ஒன்றை நம் பெரியவர்கள் ஏற்படுத்தினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மிடம் வட்டியில்லாமல் பத்தாயிரம் வாங்குகிற பெண் அதை எங்கே கொண்டுபோகிறாள்? பாதிப் பேர் நேராக டியூ கட்டத்தான் கொண்டுபோகிறார்கள். என் உம்மாவும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார். அதாவது நாம் சேர்த்த சதகாவும் (விருப்ப தர்மமும்) அமானத்தும் (நம்பி ஒப்படைத்த பணமும்) வட்டிக்காரனின் வசூலாகப் போய் முடிகிறது. அவளுக்கு வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது என்று பார்க்க நமக்கு வழி இல்லை. கடன் தகவல் நிறுவனங்களின் கதவு பதிவில்லாத ஒரு பைத்துல்மாலுக்குத் திறக்காது. அவள் நம்மிடம் ஐந்து வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினாலும் அந்த நல்ல பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நாளை வங்கியில் போய் நிற்கும்போது அவள் புது ஆள்.

ரிசர்வ் வங்கி 2022-ல் நுண்கடனுக்குப் புதிய விதிகள் போட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் நுண்கடன் என்று வரையறுத்தது. ஒரு குடும்பம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணையும் சேர்த்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. இவை நம்மைக் கட்டுப்படுத்தாத விதிகள்தான். ஆனால் படித்துப் பாருங்கள். அடமானம் கேட்காதே, தாங்க முடியாத சுமையை ஏற்றாதே, நேரம் கெட்ட நேரத்தில் வாசலில் நிற்காதே. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடு என்று அல்பகரா 280-ல் படிக்கிற நாம் இதை ரிசர்வ் வங்கிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டாமா?

இனிச் செலவுக் கணக்குக்கு வருகிறேன். பைத்துல்மால் ஏன் வளரவில்லை என்று கேட்டால் பணம் இல்லை என்கிறீர்கள். பணத்தை விட, செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான் உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 500 பேருக்குத் தலா 20,000 ரூபாய். மொத்தம் ஒரு கோடி. இதை ஒழுங்காகக் கொடுத்து வாங்க இரண்டு ஊழியர் வேண்டும். ஆளுக்கு மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். வாடகை, கணினி, ரசீதுப் புத்தகம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக 5 லட்சம். ஒரு கடனுக்கு 1,000 ரூபாய் செலவு. இதே 20,000-ஐ 24 சதவிகித வட்டியில் பன்னிரண்டு மாதத் தவணையாக வாங்கினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 2,700 ரூபாய். மேலே பதிவுக் கட்டணம், காப்பீடு.

அந்த ஆயிரத்தைக் கடன் வாங்குகிறவரிடம் கேட்கலாமா? கேட்டால் வட்டி ஆகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு. இந்தக் கேள்வி 1986-லேயே அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி முன் வந்தது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கிதான் கேட்டது. கடன் சேவைக்கு உண்மையில் ஆன செலவைக் கட்டணமாக வாங்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அது ரிபா என்று அகாடமி பதில் சொன்னது. உண்மையில் ஆன செலவு என்று எப்படிக் காட்டுவீர்கள்? கணக்கு எழுதி, வெளி ஆள் தணிக்கை செய்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டித்தான் காட்ட முடியும். ஃபிக்ஹும் தணிக்கையும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கணக்கில்லாத பைத்துல்மால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று நூறு ரூபாய் வாங்கினால் அது ஹலாலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 5,000 ரூபாய்க் கடனுக்கும் கிட்டத்தட்ட அதே 1,000 ரூபாய்தான் செலவாகும். அது ஐந்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய கடன் வாங்குகிற மிக ஏழை மீதுதான் இந்தச் சுமை அதிகமாக விழும். பெரிய கடன்காரரிடம் கூடுதலாக வாங்கி இதைச் சரிக்கட்டலாம் என்றால், அது உண்மைச் செலவு என்ற எல்லையைத் தாண்டிவிடும். எனக்குத் தெரிந்து நேர்மையான வழி, சின்னக் கடனின் செலவை ஊர் ஏற்பதுதான். கடமையான தர்மமான ஜகாத்தைத் தொடாமல், சதகாவிலிருந்து, கடைக்காரர்களின் மாதச் சந்தாவிலிருந்து. பள்ளிவாசல் மினாராவுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரே ஜும்ஆவில் பணம் சேர்கிற ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்காளரின் சம்பளத்துக்கும் சேரும், நீங்கள் கேட்டால்.

கட்ட முடியாமல் போகிறவர்களுக்கு ஜகாத்தில் இடம் இருக்கிறது. அத்தவ்பா 60-ல் சொல்லப்படும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவு. வாராக் கடனை அந்தப் பங்கிலிருந்து தீர்த்தால் அமானத் போட்டவர் பணமும் பத்திரமாக இருக்கும், விதவையின் வாசலில் யாரும் போய் நிற்கவும் வேண்டாம். எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையில் என்று உங்கள் ஊர் உலமாக்கள் உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்யட்டும். ஆளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

அமானத் என்றேன். உங்களில் பலர் தூங்காமல் யோசிக்க வேண்டிய விஷயம் அதுதான். துபாயிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற பணம், மகள் கல்யாணத்துக்கு என்று தாய்மார் சேர்க்கிற பணம் எல்லாம் உங்களிடம் அமானத்தாக வருகிறது. நீங்கள் அதைக் கடனாகக் கொடுக்கிறீர்கள். உங்கள் நோக்கம் சுத்தமானது. ஆனால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எஸ் பிரிவு, கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட பதிவில்லாத தனிநபரோ குழுவோ பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இன்னும் கடுமையானது. வட்டி தந்தாலும் தராவிட்டாலும் திருப்பித் தருகிறேன் என்று வாங்குகிற பணம் அதன் பார்வையில் வைப்புத் தொகைதான். நாங்கள் வியாபாரமாகச் செய்யவில்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம். அந்த வாதம் ஜெயிக்குமா தோற்குமா என்று பார்ப்பதற்கு ஏழைகளின் சேமிப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்றால், நம் பெயரைச் சொல்லியே நம்மை ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். 2019 ஜூனில் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தது. ஹலால் முதலீடு, மாதாமாதம் லாபம் என்று சொல்லி வசூலித்தது. மோசடித் தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் என்று வழக்கு. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, ஏழை முஸ்லிம்கள். எங்கள் குடும்பத்திலும் இதன் சின்ன நகல் ஒன்று நடந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். என் மாமி பீடிக்கடை பி.எஃப். பணத்தை அப்படி ஒருவரிடம் கொடுத்தார். கொடுத்த காரணம் ஒன்றே ஒன்று: அவர் ஐந்து வேளையும் முதல் வரிசையில் தொழுகிறார். இரண்டு வருடம் ஒழுங்காக ‘லாபம்’ வந்தது. பிறகு கடை பூட்டிக் கிடந்தது. போலீசில் எழுதிக் கொடுக்க மாமியிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஹலால் என்ற சொல்லுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஒரு மதிப்பு நம் மக்கள் மனதில் இருக்கிறது. அந்த முத்திரையைச் சோதிக்கும் இடம் எதுவும் இல்லை. பதிவும் தணிக்கையும் உள்ள பைத்துல்மால் ஊருக்கு ஒன்று இருந்திருந்தால் மாமிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாவது கிடைத்திருக்கும்.

ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை, நாங்கள் என்ன செய்ய என்று கேட்பீர்கள். பாதி உண்மை. 2008-ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2015-ல் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, இருக்கிற வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்கு ஒரு தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017-ல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறச் சம வாய்ப்பு இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். இந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். கணக்குத் தொடங்க வாய்ப்பு இருப்பது வேறு, மனசாட்சிக்கு ஒத்த கடன் கிடைப்பது வேறு. இதைத் தொடர்ந்து கேட்போம்.

ஆனால் கூட்டுறவு என்ற கதவு இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் திறந்தே கிடக்கிறது. சூரத்தில் 1938-லேயே பட்னி கூட்டுறவுக் கடன் சங்கம் வட்டியில்லாக் கடனுக்காகத் தொடங்கப்பட்டது. மும்பையில் பைத்துந்நஸ்ர் 1976-ல் கூட்டுறவுச் சங்கமாக ஆரம்பித்தது. டெல்லியைச் சேர்ந்த சஹூலத் அமைப்பு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சங்கங்களுக்குப் பயிற்சியும் கணக்கு முறையும் கொடுத்து வருகிறது. பக்கத்துக் கேரளத்தில் 2017-ல் கண்ணூரில் ஹலால் ஃபாயிதா என்ற வட்டியில்லாக் கூட்டுறவுச் சங்கத்தை முதலமைச்சர் பினராயி விஜயனே தொடங்கி வைத்தார். பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினரிடம் விதிப்படி வாங்கும் வைப்புத் தொகையை 2019 சட்டம் தடை செய்யவில்லை. வழி இருக்கிறது. நாம்தான் தெருவோடு நின்றுவிட்டோம்.

ஏன் நின்றோம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். கூட்டுறவு என்றால் உறுப்பினர்கள் வேண்டும், ஓட்டு வேண்டும், ஒருவருக்கு ஒரு ஓட்டு. பெண்ணும் உறுப்பினர், கடன் வாங்குகிறவரும் உறுப்பினர். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான மத்தியச் சட்டத்தின்படி நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் பெண்களுக்கு. இன்று நம் பைத்துல்மால் கமிட்டிகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பதிவு செய்தால் அதிகாரம் போய்விடும் என்ற பயத்தை ‘அரசு தலையிடும்’ என்ற பேச்சுக்குள் ஒளித்து வைக்கிறோம். அரசுத் தலையீடு பற்றிய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை, காலம் அப்படி. ஆனால் பதிவில்லாத சங்கத்தின் மேல்தான் ஓர் அதிகாரி ஒரே நாளில் பூட்டுப் போட முடியும். முறையாகப் பதிந்து தணிக்கை அறிக்கை கையில் வைத்திருப்பவர் நீதிமன்றம் போய் நிற்கலாம். 2011-ல் கேரள அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகம் ஓர் இஸ்லாமிய நிதி நிறுவனத்தில் பங்கெடுப்பதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கைக் கேரள உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டத்துக்குள் நின்றதால் அங்கே ஒரு பாதுகாப்புக் கிடைத்தது.

வெளிநாட்டு அனுபவத்தை ரொம்ப இழுக்க விரும்பவில்லை. பாகிஸ்தானின் லாகூரில் 2001-ல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த 10,000 ரூபாய்க் கடனில் தொடங்கியது அகுவத் அமைப்பு. அதன் நிறுவனர் அம்ஜத் சாகிப் அதை நகையில்லாமல், வட்டியில்லாமல், பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வைத்துக் கடன் கொடுக்கும் பெரிய அமைப்பாக வளர்த்தார். 2021-ல் மகசேசே விருது கிடைத்தது. நம் சொற்பொழிவுகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். பஞ்சாப் மாகாண அரசின் பணம் அதன் வளர்ச்சிக்குப் பின்னால் இருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம். இந்தோனேசியாவில் நம் பைத்துல்மாலைப் போலவே பெயர் கொண்ட பி.எம்.டி.க்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே 2013-ல் நுண்நிதிச் சட்டம் வந்த பிறகு, கூட்டுறவு அமைச்சகத்தின் கீழா, நிதிச் சேவை ஆணையத்தின் கீழா என்ற குழப்பம் நீண்டது. ஒரு மாட்டுக்கு இரண்டு மூக்கணாங்கயிறு. உலக வங்கி வளாகத்தில் இயங்கும் நுண்நிதி ஆய்வு அமைப்பான சிஜிஏபி 2008-ல் வெளியிட்ட கணக்கில் உலகம் முழுக்க இஸ்லாமிய நுண்நிதி பெற்றவர்கள் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான். உலக நுண்நிதியில் அரை சதவிகிதம். 2013-ல் 12 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. கோடிக்கணக்கான மக்கள் வட்டி ஹராம் என்று நம்புகிற உலகத்தில் இது எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். முஸ்லிம் நாடுகளிலும் செலவும் ஒழுங்குமுறையும்தான் தடைக்கல்.

வட்டியில்லாத ‘அழகிய கடன்’ மட்டும் போதாது, தொழிலுக்கு முதல் வேண்டும் என்று உங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. முராபஹா முறையில் பணத்துக்குப் பதில் பொருளையே வாங்கிக் கொடுக்கலாம். 18,000 ரூபாய்க்குத் தையல் மிஷின் வாங்கி, வாங்கிய விலையை வெளிப்படையாகச் சொல்லி, 20,000 ரூபாய்க்குத் தவணையில் விற்பது. கையில் ரொக்கம் போகாததால் டியூவுக்கும் போகாது. தவணை தாமதமானாலும் விலை ஏறக் கூடாது. ஏறினால் அது பெயர் மாற்றிய வட்டி. வங்கிகள் இதைச் செய்ய முடியாது, 1949-ன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அவை சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. கூட்டுறவுச் சங்கம் தன் துணைவிதிகளில் எழுதிக்கொண்டு செய்யலாம். ஆனால் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, விற்பனைக்கு உண்டு. வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும், வட்டிக்குக் கொடுப்பவர் கட்டாத வரியை வட்டியில்லாமல் கொடுப்பவர் கட்ட வேண்டி வரும். இதைச் சரிசெய்யச் சொல்லி ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு நாம் மனு கொடுக்க வேண்டும். தெருப் பைத்துல்மால் தனித்தனியாகக் கொடுத்தால் யார் கேட்பார்? நூறு பதிவு பெற்ற சங்கங்கள் சேர்ந்து கொடுத்தால் அந்த மனுவுக்கு ஒரு எண்ணாவது விழும்.

இந்த மடல் கூட்டுறவுத் துறை அதிகாரிகள் கண்ணிலும் படலாம். அவர்களுக்கு ஒரு சின்ன வார்த்தை. துணைவிதியில் வட்டி விகிதம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினால், வட்டி இல்லாமல் சங்கம் எப்படி அம்மா ஓடும் என்று என்னிடம் ஓர் அதிகாரி கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையான அக்கறையோடு. சேவைக் கட்டணம், நன்கொடைக் கணக்கு, வாராக் கடன் நிதி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஒரு மாதிரித் துணைவிதியைத் துறையே வெளியிட்டால் அந்தக் கேள்வி ஒவ்வொரு மேசையிலும் எழாது. இந்தச் சங்கங்கள் எல்லா மதத்தவருக்கும் திறந்திருக்கட்டும். வட்டியால் நொந்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இருக்கின்றன, நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியமும் தருகிறது. அந்த ஏற்பாட்டை இந்தச் சங்கங்களோடு எப்படி இணைக்கலாம் என்று அவர்கள் யோசிக்கட்டும்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். நாளைக்கே கூட்டுறவுச் சங்கம் ஆகிவிடுங்கள் என்று கேட்கவில்லை. அதற்கு ஒரு வருடம் ஆகும், உறுப்பினர் சேர்க்க வேண்டும், துணைவிதி எழுத வேண்டும், மஷூரா என்ற ஆலோசனைக்குப் பல தடவை உட்கார வேண்டும். அதற்கு முன் ஒரு மாதத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன. கடன் வாங்கியவரின் சொந்தப் பெயரில் பேரேட்டுப் பக்கம். நகைக்கு எடை, படம், இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட ரசீது. நகை ஒருவர் வீட்டு அலமாரியில் இல்லாமல் வங்கி லாக்கரில். புது அமானத் வாங்குவதை நிறுத்திவிட்டு, பழையதற்கு யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் ஒப்புதல். மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எத்தனை பேர் கட்டவில்லை என்று மாதக் கடைசி ஜும்ஆவில் போர்டில் ஒரு தாள். கடனாளிகள் பெயர் அதில் வேண்டாம், எண்ணிக்கை போதும். பெண்கள் வந்து பார்க்க அதே தாள் மதரஸா வாசலிலும்.

பேரேடு, ரசீது, தவணை அட்டை மூன்றுக்கும் தமிழில் மாதிரி தயாரித்து வைத்திருக்கிறேன். எங்கள் சங்கத் தணிக்கையாளர் ஒருவர் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த ஊர்ப் பைத்துல்மால் கூப்பிட்டாலும் வருகிறேன், பஸ் செலவும் வேண்டாம். கமிட்டி அறைக்குள் பெண் வருவதில் தயக்கம் என்றால் மதரஸா திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

சீட்டில்லாத அந்த இரண்டு பொட்டலங்களை இப்போது ஜமாஅத் அலுவலகப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ஒரு ஜோடி கம்மல், ஒன்றில் குழந்தைக் காப்பு. போன மாதம் அவற்றை எடை போட்டு, படம் எடுத்து, புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் எழுதிக்கொள்ள.

வஸ்ஸலாம்.

உங்கள் சகோதரி,
ஒரு கூட்டுறவு சங்கக் கணக்காளர்